கல்மண்டபத்தில் வந்திறங்கிய பச்சைப் பூச்சி

சேசு மரி சூசை துணை

கல்மண்டபம் பின்சந்து,
ராயபுரம், சென்னை-13.
22-6-1970, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் தாமஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் புருஷன் அருள்பிரகாசம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தேவமாதா தயவில் நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். அங்கே திருச்சியில் நீங்களும் ஞானசௌந்தரி அக்காளும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று நேற்று இரண்டாம் பூசையில் வேண்டிக்கொண்டேன். அக்காளுக்கு இடுப்பு வலி தேவலையா? பெரியவன் பரீட்சையில் பாஸா? இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று உங்கள் தங்கை சிலுவை எப்போதும் சொல்வாள். விசாரித்துவிட்டேன். இனி வருகிறேன்.

மச்சான், நான் ஒரு பூச்சி பிடித்திருக்கிறேன்!

ஏதோ ஈசல், வண்டு என்று நினைத்து இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். ராயபுரத்தில் யாரும் பார்த்திராத பூச்சி. இந்தியாவிலேயே இருக்காது என்று சொல்கிறார்கள். பட்டுப் புடவைப் பச்சை. சிவப்புக் கால். அது செய்கிற வேலையை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவீர்கள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ஒன்பது நாளாக எனக்கு இதே பரபரப்புதான்.

உங்கள் தங்கை சிலுவையம்மாளும் சுகம். ஆனால் அவள் இந்த வீட்டில் இல்லை. திருவொற்றியூரில் உங்கள் சின்னத் தங்கை அடைக்கலமேரி வீட்டில் இருக்கிறாள். இன்றோடு ஒன்பது நாள். பயப்பட ஒன்றுமில்லை, அந்தப் பூச்சி அவளைக் கொட்டிவிட்டது, அவ்வளவுதான். அது என்ன பூச்சி என்று கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பினால் வருகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நீங்களோ பதினெட்டு வருஷமாகக் காலேஜில் விலங்கியல் கூடத்தில் தவளையையும் தேளையும் பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டு பாடம் காட்டுகிறவர். ஆகவே என் பெண்டாட்டி வீடு திரும்புவது இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஒரு வரியையும் தாண்டாமல் படியுங்கள்.

போன வாரம் ஞாயிறு, 14-ஆம் தேதி, காலை பத்து நாற்பது. பூசை முடிந்து வந்தோம். மீன்காரி சொக்கம்மாள் கொடுத்த வஞ்சிரத்தைச் சிலுவை கழுவி மஞ்சள் தடவி வைத்தாள். டோரதியைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவள் நாலு பேருக்கு வைப்பாள். புளிப் பானையை எடுக்க அலமாரிக்குள் கையை விட்டாள். அந்த அலமாரி கப்பலில் சரக்கு வந்த பெட்டிப் பலகையில் செய்தது. எங்கள் பக்கம் பாதி வீட்டில் கட்டிலும் பெஞ்சும் அந்தப் பலகைதான், ஏலத்தில் எடுத்து விற்கிற கடை தெருமுனையிலேயே இருக்கிறது, ஆசாரியைக் கூப்பிட்டால் ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார். கையை விட்டவள், "ஐயோ மாதாவே!" என்று போட்ட சத்தத்தில் நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டேன். "இன்னாமோ கொட்டிட்ச்சுய்யா! நெருப்பு வெச்சா மாதிரி எரியுது, இங்க வாய்யா!" என்று அலறினாள். நான் ஓடினேன்.

ஓடினேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் ஓடவே இல்லை என்று அடைக்கலமேரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஓடினேன். ஆனால் மச்சான், நான் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷமாக டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் எண்ணி, மேலே போட்டிருக்கிற குறியைப் பார்த்து நோட்டில் ஏற்றுகிறவன். எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பெட்டி உடைந்து இறங்கினால், உடைந்த பெட்டிப் பக்கமே முதலில் போகக் கூடாது. உடைத்தது எது என்று பார்க்க வேண்டும். சங்கிலியா, கொக்கியா, கப்பலுக்குள்ளேயே உடைந்ததா என்று அந்த நிமிஷமே எழுதி, பக்கத்தில் நின்றவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். உடைந்தது அங்கேயேதான் கிடக்கும், உடைத்தது போய்விடும். போய்விட்டால் பிறகு பழி நம் தலையில். இப்படி நான் எழுதிய அறிக்கையில் இதுவரை ஒன்றுகூடத் தோற்றதில்லை, பெரிய பெரிய கப்பல் கேப்டன்களே வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்தப் பழக்கத்தில், "யாரும் அசையாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். சிலுவை கையை உதறிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். புளிப் பானை விளிம்பில் உட்கார்ந்திருந்தது பூச்சி! டோரதி கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளரை எடுத்து ஒரே கவிழ்ப்பு. மாட்டிக்கொண்டது. காதில் இருந்த பென்சிலை எடுத்து, காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். எண்ணிக்கை: ஒன்று. நீளம்: முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நிறம்: பச்சை, சாய்த்துப் பார்த்தால் நீலம், உலோகம்போல் பளபளப்பு. கால்: ஆறு. அதில் முன்னால் இருக்கிற இரண்டும் முழுக்கப் பச்சை, பின்னால் இருக்கிற நாலுக்கும் தொடை மட்டும் நல்ல சிவப்பு. மீசை: இரண்டு, ஓயாமல் ஆட்டுகிறது. இறக்கை: புகை நிறம். இடுப்பு: இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி மெல்லியது. நிலை: உயிரோடு, கோபமாக. இவ்வளவும் நாலே நிமிஷத்தில் முடித்தேன். சேதம் என்ற இடத்தில் 'விரல், ஒன்று' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளையும் பென்சிலையும் சிலுவையிடம் நீட்டினேன்.

இங்கேதான் ஒரு சின்ன மனஸ்தாபம்.

"இன்னாய்யா இது?" என்றாள்.

"கையெழுத்து போடு. நீதான் சாட்சி."

"கை வீங்கிகினு வருது, உயிர் போவுது, கையெழுத்து கேக்கறியா நீ?"

"எந்தக் கையால போட்டாலும் செல்லும்" என்றேன். விட்டுக்கொடுத்துத்தான் பேசினேன் மச்சான், நீங்களே சொல்லுங்கள். அவள் பென்சிலை வாங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள். பக்கத்துப் போர்ஷன் ரசூல் பீவி சத்தம் கேட்டு ஓடி வந்து அவளை உள்ளே அழைத்துப்போய் வெங்காயமோ சுண்ணாம்போ ஏதோ தடவினார்கள். நான் அந்த நேரத்தில் பென்சிலைத் தேடித் தெருவில் இருந்தேன். திரும்பி வரும்போது சிலுவை தகரப் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். "நீ அந்தப் பூச்சியையே கொஞ்சிகினு குந்து. அது இன்னா பூச்சி, எந்த ஊருப் பூச்சி, அதுக்கு அப்பன் ஆத்தா யாருன்னு எல்லாம் கண்டுபுடிச்சு முடிச்சப்பால சொல்லி அனுப்பு. அப்போ வரேன்" என்றாள். நான் உடனே அதைக் காலண்டர் தாளின் ஓரத்தில் அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். வாய்ப்பேச்சு பிறகு மாறும், எழுத்து மாறாது. இனம், ஊர், பெற்றோர் என்று மூன்று விவரம் கேட்டிருக்கிறாள். பெற்றோரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், மற்ற இரண்டும் கட்டாயம் வேண்டும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது டம்ளரையும் அதன் அடியில் செருகிய அட்டையையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போனேன். என் தோஸ்து ஜெயவேல் வியாசர்பாடிக்காரன், கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன், ஒரு காலத்தில் குத்துச்சண்டையில் நாலு பேரைப் படுக்க வைத்தவன், எதற்கும் பயப்படாதவன். டம்ளரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனான். "அருளண்ணே, இது நம்ம நாட்டு சரக்கே இல்ல. பாரு எப்டி மின்னிகினு கீது! கப்பல்லதான் வந்துகீது" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது! எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத எதைப் பார்த்தாலும் கப்பலில் வந்தது என்றுதான் சொல்வோம், பத்துக்கு ஒன்பது அது சரியாகவும் இருக்கும். அலமாரி கப்பல் பலகை. பூச்சி அலமாரியில் இருந்தது. ஆகவே பூச்சி வெளிநாடு! எந்த நாடு என்பதுதான் கேள்வி. சாயங்காலம் ஜெயவேல் வீட்டுக்கே வந்து அலமாரியைத் திருப்பிப் பார்த்தான். பலகையில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் ஒரே ஒரு குடைப் படம் மட்டும் மிச்சம். "குடைன்னா மழை. மழைன்னா பர்மா. முடிஞ்சது" என்றான். குடைப் படம் எல்லா நாட்டுப் பெட்டியிலும் இருக்கும், சரக்கு நனையக் கூடாது என்று அர்த்தம், இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன் என்றேன். "நனையக் கூடாதுன்னா அங்க மழை பெய்யுதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டான். ஊர் என்ற இடத்தில் 'பர்மா, சந்தேகத்துக்குரியது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இனி முக்கியமான இடம். புதன்கிழமை! லீவு போட்டேன். டம்ளருக்குள் அது சோர்ந்து போய்விட்டது என்று தெருமுனைக் கடையில் பெரிய மிட்டாய் ஜாடி ஒன்று கேட்டு வாங்கி அதற்குள் விட்டு, வாயில் மல் துணி கட்டினேன். என்ன தின்னும் என்று தெரியவில்லை. சர்க்கரை, வாழைப்பழம், கருவாடு எல்லாம் போட்டுப் பார்த்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு கரப்பான்பூச்சியைப் பிடித்து உள்ளே விட்டேன். நல்ல கொழுத்த கரப்பான், பூச்சியைப்போல் இரண்டு மடங்கு. மச்சான், அடுத்த நிமிஷம் நான் பார்த்ததை எப்படி எழுதுவேன்! பூச்சி பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்து நெஞ்சில் ஒரு கொட்டு. கரப்பான் புரண்டது. சாவகாசமாக இடம் பார்த்துத் தலையில் இன்னொரு கொட்டு. அவ்வளவுதான், கரப்பான் எழுந்து நின்றது. சாகவில்லை! ஓடவும் இல்லை! முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது, கதவு திறந்திருந்தும் வெளியே போகத் தோன்றாதவன்போல. பூச்சி அதன் மீசையில் பாதியைக் கடித்து எறிந்துவிட்டு, மிச்ச மீசையை வாயில் கவ்விக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, கரப்பானை மெல்ல மெல்ல இழுத்துப் போனது. இதுவும் பின்னாலேயே நடந்து போகிறது! துறைமுகத்தில் சின்ன இழுவைப் படகு பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு வருமே, அதே நிதானம், அதே மரியாதை. ஜாடிக்குள் நான் போட்டிருந்த காலித் தீப்பெட்டிக்குள் அதைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வெளியே வந்து, துடைப்பக் குச்சித் துணுக்கையும் மணலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாயிலை அடைத்தது. பதினொன்று ஐந்துக்கு ஆரம்பித்து பன்னிரண்டு இருபதுக்கு முடித்தது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். வீட்டில் யாருமில்லை, ஆனாலும் தட்டினேன்.

உடனே எனக்கு எத்தனை யோசனைகள் தெரியுமா! இந்தப் பூச்சியைப் பெருக்கி வீட்டுக்கு இரண்டு கொடுத்தால் ராயபுரத்தில் கரப்பான் என்ற பேச்சே இருக்காது. கப்பலுக்குக் கப்பல் சமையலறையில் இரண்டு விடலாம். நம் கோவில் சக்கிரீஸ்து அறையில் பூசை உடுப்புகளைக் கரப்பான் அரிக்கிறது என்று சாமியார் பிரசங்கத்திலேயே வருத்தப்பட்டார், அங்கே நாலு விடலாம். ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். அடுப்பங்கரையில் அடுப்பு மட்டும்தான் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன் மச்சான், இருபத்தேழு வருஷத்தில் எனக்கு ஒரு அதிசயம் நடந்து அதை அவளிடம் சொல்லாமல் இருந்த முதல் நாள் அதுதான். அன்றைக்கு வைத்த கஞ்சியும் அடிப்பிடித்துவிட்டது.

வியாழக்கிழமைக்குள் செய்தி சந்து முழுக்கப் பரவி, ஜாடியைப் பார்க்க ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. பாரின் பூச்சி, பாரின் பூச்சி என்று ஒரே பேச்சு. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொக்கம்மாள் வந்தாள். அவளுக்கு ரொம்ப நாளாக முட்டி வலி. தேள் கொட்டினால் வாதம் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நம்மூர் தேளே அவ்ளோ வேலை செய்யும்னா, பாரின் பூச்சி எவ்ளோ செய்யும்! ஒரு தடவ கொட்ட வுடு நைனா" என்று மல் துணியை அவிழ்த்துவிட்டு, புடவையைச் சுருட்டி முட்டியை ஜாடி வாயில் வைத்துவிட்டாள். சந்தே எட்டிப் பார்த்தது. பூச்சி மெல்ல மேலே ஏறி வந்தது. முட்டியின் மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. மீசையைத் துடைத்துக்கொண்டது. பிறகு இறங்கி ஜாடிக்குள்ளேயே போய்விட்டது. "இன்னா நைனா, உன் பூச்சிக்கு என் முட்டி புடிக்கலியா? சிலுவையக்காவ மட்டும் கொட்டத் தெரிஞ்சுதா?" என்று சொக்கம்மாள் கோபித்துக்கொண்டு, அன்றையிலிருந்து எனக்கு மீன் கொடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவையையே பார்த்து விவரம் சொல்லிவிடலாம் என்று திருவொற்றியூருக்கு பஸ் ஏறினேன். அடைக்கலமேரி கதவைத் திறந்துவிட்டு, "வந்துட்டாரு பூச்சிக்காரரு" என்று உள்ளே போனாள். சிலுவை கையில் துணி சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே புதன்கிழமை நடந்ததை முதல் கொட்டு, இரண்டாம் கொட்டு, மீசை, தீப்பெட்டி என்று அரைமணி நேரம் சொன்னேன். கரப்பான் நடந்த நடையை நடந்தே காட்டினேன். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, "அது இப்போ எப்டி கீது?" என்று சிலுவை கேட்டாள்.

"நல்லா இருக்கு. நேத்து இன்னொரு கரப்பானை இழுத்துச்சு."

"நேரத்துக்கு துன்னுதா?"

"துன்னுது."

"ராவுல தூக்கம் வருதா அதுக்கு?"

"நல்லா தூங்குது."

"அதுக்கு எங்கனா வலிக்குதா, காய்ச்சல் கீச்சல் அடிக்குதா, கேட்டியா?"

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை மச்சான்! பூச்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாளே! "அதெல்லாம் ஒன்னுமில்ல, கல்லு மாதிரி கீது" என்றேன். என்னையும் அறியாமல் எனக்கும் அவள் பேச்சு வந்துவிட்டது. "அப்போ போய் அதைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கையில் சுற்றியிருந்தது என் பழைய வேட்டியின் கரைத் துணி. நல்ல மெல்லிய துணி, ஜாடிக்குக் கட்டியிருந்தால் இன்னும் காற்றோட்டமாக இருந்திருக்கும். ஆனாலும் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குப் பூச்சியின் மேல் ஆர்வம் வந்துவிட்டது, இனி பெயர் தெரிய வேண்டியதுதான் பாக்கி என்ற நினைப்பில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை பூச்சியையே உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று பாட்டிலில் மாற்றிப் பொட்டலம் கட்டித் தபால் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "உள்ள இன்னா?" என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லை, பூச்சி என்றேன்.

"செத்ததா?"

"சேச்சே, உயிரோட இருக்கு."

"கொட்டுமா?"

"இதுவரைக்கும் ஒருத்தரைத்தான் கொட்டியிருக்கு, அவங்களும் வீட்டு மனுஷங்கதான்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த பதினோரு பேரும் ஒரே எட்டில் வாசலுக்குப் போய்விட்டார்கள். பொட்டலத்தைக் குச்சியால் என் பக்கம் தள்ளி, இனிமேல் கார்டு, கவர் வாங்க வருவதென்றாலும் கையைக் காட்டிவிட்டு உள்ளே வா என்று சொல்லி அனுப்பினார். பூச்சியை மறுபடி ஜாடிக்குள்ளேயே விட்டேன். அதனால்தான் மச்சான், பூச்சிக்குப் பதில் இந்த நீண்ட கடிதம். படமும் வரைந்திருக்கிறேன், அடுத்த தாளில் பாருங்கள். பச்சை மை கிடைக்கவில்லை, வாழை இலையைத் தேய்த்தேன். சிவப்புக்கு சிலுவை கேசரிக்கு வைத்திருக்கிற கலர்ப் பொடி.

ஆகையால் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், உங்கள் காலேஜில் இருக்கிற தடித்தடிப் புத்தகங்களையெல்லாம் புரட்டி, பெரிய புரொபசரையும் கேட்டு, இது என்ன பூச்சி என்று உடனே எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத பூச்சி என்றால், புதிதாகக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பது வழக்கமாமே, ஜெயவேல் சொன்னான். என் பெயர் பூச்சிக்கு நீளம் என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. யோசித்துப் பார்த்தால் முதலில் கொட்டுப்பட்டவள் சிலுவை, அவள் பெயரும் சேர்வதுதான் நியாயம். அதைக் கேட்டால் ரொம்ப சந்தோஷப்படுவாள். சீக்கிரம் எழுதுங்கள் மச்சான். கண்டுபிடிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வீடு ஹோ என்று கிடக்கிறது. இரண்டு பேருக்குப் போட்ட பாயில் ஒரு ஓரமாகவே படுக்கிறேன், பழக்கம். காலையில் காபிக்குக் குரல் கொடுத்துவிட்டுப் பிறகுதான் ஞாபகம் வருகிறது. அவள் வர வேண்டும். அதற்கு இந்தப் பூச்சிக்கு ஒரு பெயர் வேண்டும்.

ஞானசௌந்தரி அக்காளுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு என் முத்தம். காணிக்கை மாதாவும் அர்ச். அந்தோணியாரும் உங்கள் குடும்பத்தையும் காலேஜையும் அதிலுள்ள பாட்டில்களையும் காத்தருள்வார்களாக.

இப்படிக்கு,
பதிலுக்குத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மச்சான்,
ம. அருள்பிரகாசம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக் கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டும்போது ரசூல் பீவி வந்தார்கள். திருவொற்றியூர் போய் சிலுவையைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். ஒட்டின கவரைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாடியைப் பார்த்தார்கள். "இன்னும் இந்தப் பச்சைக் குளவியத்தான் வெச்சுகினு கீறியா அண்ணே?" என்றார்கள். மச்சான், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு இதைத் தெரியுமா?" என்றேன். "தெரியாம இன்னா? எங்க மாமியா வூட்டு சமையல்கட்டுல எப்பவும் ரெண்டு சுத்திகினு இருக்கும். கரப்பானுக்குத்தான் எமன், மனுஷனுக்கு ரெண்டு நாள் எரியும், அப்பால போய்டும். உன் அலமாரி வர்றதுக்கு முன்னாடியே இது இங்க கீது." இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ என்னை எங்க கேட்ட? நான் சிலுவையக்கா கையப் புடிச்சுகினு இருந்தேன், நீ தெருவுல பென்சில் தேடிகினு இருந்தே" என்றார்கள்.

இனம் கிடைத்துவிட்டது, ஊரும் கிடைத்துவிட்டது, அப்போ அவள் இன்றைக்கே வந்துவிடுவாள் இல்லையா என்று கேட்டேன். ரசூல் பீவி, "அண்ணே, அது கோவத்துல சொன்ன பேச்சு. அக்கா உன்னை பூச்சி பேரா கேட்டுச்சு? ஒம்போது நாளா அது ஒரே பேச்சுதான் சொல்லிகினு கீது. கொட்டிட்ச்சுன்னு கத்துனேன், வலிக்குதான்னு ஒரு வார்த்த கேக்கல, பூச்சிக்கு எத்தினி காலுன்னு எண்ணிகினு குந்திட்டாருன்னு. அவ்ளோதான். இன்னும் வீக்கம் முழுசா வடியல. எந்த விரலுன்னாவது தெரியுமா உனக்கு?" என்றார்கள்.

மச்சான், பூச்சிக்கு ஆறு கால், அதில் நாலுக்குத் தொடை சிவப்பு. உங்கள் தங்கைக்கு எந்தக் கை, எந்த விரல் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் எதிரிலேயே நின்றேன், அப்போதும் பார்க்கவில்லை. ரசூல் பீவியிடம் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜாடியின் மல் துணியை அவிழ்த்துப் பூச்சியை விட்டுவிட்டேன். நீங்கள் ஒரு புத்தகத்தையும் புரட்ட வேண்டாம், பெரிய புரொபசரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். மேலே எழுதிய எல்லாவற்றையும் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள், அக்காளின் இடுப்பு வலியை விசாரித்ததைத் தவிர. சட்டை போட்டுக்கொண்டுவிட்டேன், இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே திருவொற்றியூர் பஸ் ஏறப் போகிறேன். போனதும் அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, விரல் விரலாகத் தொட்டு, வலிக்குதா, வலிக்குதா என்று பத்து தடவை கேட்டுவிடப் போகிறேன். பத்தில் ஒன்றாவது சரியாக இருக்கும்.